உன் தங்கச்சியின் வயிற்றுக்குள் வெளிச்சம் போன காலை

என் பிரியத்துக்குரிய மச்சான் யோகன்,

இந்த மாசியில் மட்டக்களப்பு வாவியில் பனி அதிகம். விடியலில் தோணியைத் தள்ளிக்கொண்டு போனால் கரையும் தெரிவதில்லை, பாலமும் தெரிவதில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத வெள்ளை. துடுப்பைத் தோணிக்குள் வைத்துவிட்டுச் சும்மா இருப்பேன். அப்படி இருக்கும்போது நீ செத்துப்போனதே எனக்கு மறந்துவிடும். அந்தப் பனிக்கு அங்கால் ஏதோ ஒரு கோயில் வளவில் நீ மரத்தில் ஏறி ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருப்பாய் என்றுதான் தோன்றும்.

நேற்றும் அப்படித்தான் இருந்தது. அப்போதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். உன் தங்கச்சி வசந்தியைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. எனக்கு அவள் மனைவிதான். ஆனால் இந்த ஒரு வருடமாக அவளைப் பார்க்கும்போதெல்லாம் 'இவள் யோகனுடைய தங்கச்சி' என்ற நினைப்புத்தான் முதலில் வருகிறது. ஏன் என்று போகப் போக உனக்கு விளங்கும்.

உன்னைத் தெரியாத யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கும் உன்னைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர் பெரியகல்லாற்றில் 'லவுட்ஸ்பீக்கர் யோகன்' என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். கல்யாணம், செத்தவீடு, கோயில் எதுவானாலும் நீதான். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கிவிட்டால் உன்னை வீட்டில் காண முடியாது. ஊர் ஊராகப் போவாய். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் நின்று நீ "ஹலோ, ஹலோ" என்று சரிபார்ப்பது இந்தப் பக்கம் வலை இழுக்கிற எனக்குக் கேட்கும். தண்ணீரின் மேலால் வந்ததால் உன் குரலில் ஒரு ஈரம் இருக்கும். நான் தோணியிலிருந்தே பதில் சொல்வேன். உனக்குக் கேட்காது என்று தெரிந்தும் சொல்வேன்.

அந்த நாட்களில் நீ எப்போது சாப்பிட்டாய் என்று யாருக்கும் தெரியாது. காலையில் ஒரு தேத்தண்ணி, ஒரு சிகரெட். பின்னேரம் யாராவது சோறு கொடுத்தால் சோறு. நம் வீடுகளில் கருவாடு இல்லாத நாள் ஏது? வசந்தி உப்புப் போட்டுக் காயவைக்கிற மீனை நீ சுடச்சுடச் சுட்டுத் தின்பாய். வயிறு எரிந்தால் ஒரு மருந்துக் குளிசை. உன் சட்டைப் பையில் சிகரெட் பெட்டியும் குளிசை அட்டையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கும். எல்லோரும் அதைக் 'கேஸ்ட்ரிக்' என்றோம். ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற கேஸ்ட்ரிக்தானே உனக்கும் என்றோம்.

ஒரு ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் நண்டுக்கறி. நண்டு என்றால் நீ கடைசி ஓடுவரை உடைத்துப் பார்ப்பவன். அன்று கொஞ்சம் சாப்பிட்டதும் கையை உதறினாய்.

"நிறைஞ்சு போச்சி மச்சான். இப்பெல்லாம் ரெண்டு பிடியிலயே வயிறு நிறையிது. வயசு போகுதுபோல."

நாங்கள் சிரித்தோம். நீயும் சிரித்தாய். பசி வயதோடு குறைவது இயல்புதான் என்று எங்களுக்குத் தோன்றியது. அடுத்த சில மாதங்களில் உன் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. சாப்பிட்டது திரும்பி வரத் தொடங்கியது. மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது என்று நீ என்னிடம் மட்டும் சொன்னாய், அதையும் ஒரு பகிடி போலத்தான் சொன்னாய். அது இரைப்பைக்குள் இரத்தம் கசிந்து, செரித்து, கறுத்து வருவது என்று அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது. குளிசை எடுத்தால் எரிவு அடங்கியது. அடங்கியதால் நாங்கள் நம்பினோம்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது ஈரலுக்கும் பரவியிருந்தது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று பெரிய டொக்டர் எனக்கும் உன் மனைவிக்கும் சொன்னார். நீயும் கேட்டுத் தெரிந்துகொண்டாய். வார்டு ஜன்னலில் வாவி ஒரு கோடாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்:

"அப்ப இவ்வளவு காலமும் நான் குளிசை குடுத்துக் குடுத்து இத நித்திரையாக்கி வெச்சிரிக்கன், என்ன மச்சான்?"

  சடங்குக் காலம் தொடங்க முன்பே நீ போய்விட்டாய். அந்த வைகாசியில் ஊர்க் கோயிலில் வேறு யாரோ ஒலிபெருக்கி கட்டினார்கள். வசந்தி வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தாள்.

இனி அவள் கதைக்கு வருகிறேன்.

நீ போய்ச் சில வருடங்கள் கழித்து அவளுக்குக் களைப்பு வரத் தொடங்கியது. கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கும். கண்ணின் உள்சதை வெளுத்துப் போயிருந்தது. கிளினிக்கில் இரத்தம் குறைவு என்றார்கள், இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். குளிசை எடுத்தும் இரத்தம் ஏறவில்லை. எங்கிருந்தோ ஒழுகுகிறதோ என்று பார்க்க வேண்டும், மட்டக்களப்புப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றுக்குள் கெமரா விட்டுப் பாருங்கள் என்று கடிதம் தந்தார்கள்.

அவள் அதை அலுமாரியில் வைத்துவிட்டுக் கருவாடு புரட்டப் போய்விட்டாள்.

நான் அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். சாப்பிடும்போது சோற்றில் பாதியைக் கோழிக்குப் போடுவாள். "பசிக்கல்ல" என்பாள். மார்புக்குழிக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு சற்று நேரம் அப்படியே நிற்பாள். மச்சான், அந்த நிற்பு உன்னுடையது. அண்ணனும் தங்கச்சியும் சிரிப்பில் ஒன்றாக இருக்கலாம், கோபத்தில் ஒன்றாக இருக்கலாம். இதிலுமா ஒன்றாக இருக்க வேண்டும்?

போவோம் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தானே செத்தார். தெரியாம இரிந்தா நிம்மதியா இரிக்கலாம்." அவளை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், தெரிந்துகொள்ள எனக்கும் பயம்தான். இருவரும் அந்தப் பயத்தை நடுவில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். மீன் வந்தது, மழை வந்தது, கழிமுகம் உடைத்துத் தண்ணீர் கடலுக்குப் போனது. வீடு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் நான் தோணிக்குப் புறப்படும்போது அவள் அடுப்பெரியும் குசினியின் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பார்வை வேறு எங்கோ இருந்தது.

"அண்ணன் கனவுல வந்தார்" என்றாள். "வாவிக்கு நடுவுல, தண்ணிக்கு மேல நிக்கிறார். கையில மைக் இரிக்கு. வாய் அசையிது, சத்தம் வரல்ல. நான் கரையில நிண்டு கேக்கல்ல அண்ணன், கேக்கல்ல எண்டு சொல்றன். அவர் கையால வயித்தத் தொட்டுக் காட்டுறார்."

நான் வலையைக் கீழே வைத்தேன். அவள் எழும்பினாள்.

"வாங்க, போய்ப் பாப்பம். மறுகா ஒரு நாளைக்கு நினைச்சி அழக் கூடாது."

நீ உண்மையில் வந்தாயா மச்சான்? அவளுக்குள் இருந்த பயமே உன் முகத்தைப் போட்டுக்கொண்டு வந்ததா? எனக்கு இன்றுவரை தெரியாது. எது வந்திருந்தாலும் அதற்கு நான் கும்பிடு போடுகிறேன்.

எங்களைப் பார்த்த டொக்டர் ஓர் இளம் பெண். அவசரமே இல்லாமல் கேட்டாள். எத்தனை காலமாக எரிவு, நிறை குறைந்ததா, விழுங்கும்போது சிக்குகிறதா, மலம் கறுப்பாகப் போனதா, வீட்டில் யாராவது சிகரெட் குடிப்பார்களா, உப்பு மீன் அடிக்கடி சாப்பிடுவீர்களா. கடைசியில், குடும்பத்தில் யாருக்காவது வயிற்றில் இப்படி ஏதும் இருந்ததா என்று கேட்டாள். வசந்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் உனக்கு வந்ததை நாங்கள் 'வயிற்று வருத்தம்' என்றுதான் சொல்லி வந்தோம். உன் மரண அறிவித்தலிலும் 'சுகவீனம்' என்றுதான் போட்டது.

"என்ட அண்ணனுக்கு" என்றாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "வயித்துல கான்சர்" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இது எதனால் வருகிறது என்று நான் கேட்டேன். உனக்காகவும்தான் கேட்டேன். டொக்டர் ஒரு கடதாசியில் இரைப்பையை வரைந்து காட்டினாள். சுரைக்காய் போல ஒரு பை. அதற்குள் குடியிருக்கிற ஒரு கிருமி இருக்கிறதாம். சின்ன வயதிலேயே வந்து தொற்றிக்கொள்ளுமாம். நம்மில் நிறையப் பேரின் வயிற்றில் அது இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு மட்டும் வருடக்கணக்கில் உள்தோலை அரித்துப் புண்ணாக்கி, அந்தத் தோலின் குணத்தையே மெல்ல மாற்றிவிடும். அதன் மேல் புகைத்தலும், நாள்தோறும் உப்பில் ஊறிய மீனும், பழமும் மரக்கறியும் குறைந்த சாப்பாடும் சேர்ந்தால் ஆபத்துக் கூடும். வயது ஏற ஏறக் கூடும். இரத்த உறவில் யாருக்காவது வந்திருந்தால் இன்னும் கூடும். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம் வருகிறதாம்.

"ஆனா ஐயா, ஒண்ட மட்டும் பிடிச்சி இதாலதான் வந்த எண்டு சொல்லேலாது. இதெல்லாம் இரிந்தும் வராத ஆக்களும் இரிக்காங்க. இதொண்டும் இல்லாம வந்த ஆக்களும் இரிக்காங்க."

உனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததே, நினைவிருக்கிறதா? யாருடைய கண்ணோ பட்டது என்றும் சொன்னார்கள். அந்தக் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதெல்லாம் என் மனதிலிருந்து கழன்று போனது. யாரும் உனக்கு ஒன்றும் செய்யவில்லை மச்சான்.

கெமரா விட்ட நாளன்று அவள் வெறும் வயிற்றோடு வந்தாள். நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குள் ஒரு மாமரம் நின்றது, அதன் நிழல் சுவரில் தண்ணீர் போல ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் நான் எங்கே இருக்கிறேன் என்பது குழம்பிப் போனது. வாவியில் இருப்பது போலவும், நீ பக்கத்தில் இருந்து சிகரெட்டுக்கு நெருப்புத் தேடுவது போலவும் இருந்தது. சிகரெட் வேண்டாம் என்று உனக்குச் சொல்ல வாயெடுத்தேன்.

உள்ளே நடந்ததை அவள் பிறகு பஸ்ஸில் வரும்போது சொன்னாள். தொண்டைக்குள் ஏதோ விசிறினார்களாம், கசந்ததாம், நாக்கும் தொண்டையும் தன்னுடையது இல்லாமல் போய்விட்டதாம். இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, பற்களுக்கு நடுவே ஒரு வளையத்தைக் கடிக்கக் கொடுத்து, விரல் தடிப்பில் ஒரு குழாயை உள்ளே விட்டார்களாம். ஓங்காளித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு தாதி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாளாம். பிறகு மூச்சை ஒரு சீருக்குக் கொண்டுவந்து, கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாளாம்.

"ஒரே சிவப்பு வெளிச்சம். மினுமினு எண்டு இரிந்திச்சி. மடிப்பு மடிப்பா, தண்ணிக்கடியில மணல் கிடக்கிற மாதிரி. அது என்ட வயிறு எண்டு நினைக்கவே முடியல்ல. நான் அதுக்குள்ள நடந்து போற மாதிரி இரிந்திச்சி."

ஓர் இடத்தில் குழாய் நின்றதாம். அங்கே வெள்ளை பூத்தது போல ஒரு புண். பார்வைக்குச் சாதாரணப் புண் போலத்தான் இருக்கிறது, ஆனால் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது என்றார்களாம். அதனால் புண்ணின் ஓரத்தில் பல இடங்களிலிருந்து கடுகளவு சதையைக் கிள்ளி எடுத்திருக்கிறார்கள். அது வலிக்கவே இல்லை என்று அவள் வியப்போடு சொன்னாள். கிருமி இருக்கிறதா என்றும் அதிலேயே பார்ப்பார்களாம்.

முடிவு வரும்வரை நாங்கள் கனவுக்குள் நடமாடினோம். உன் மூத்த மகள் நிலா வந்து எங்களோடு தங்கினாள். மாமியின் தலையை வாரி விடுவாள். நான் தோணியில் போய் வலையை விட மறந்து திரும்பி வருவேன்.  வெயிலில் காய்கிற மீனைக் காகம் கொத்துவதை மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பிறகு கூப்பிட்டார்கள். அந்த டொக்டர் எங்களை உட்கார வைத்து, தானும் கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கான்சர்தான் அம்மா. ஆனா சின்னன். உள்தோலத் தாண்டி ஆழமாப் போன மாதிரித் தெரியல்ல. நேரத்தோட வந்திரிக்கிறீங்க."

வசந்தி என் கையைப் பிடிக்கவில்லை. டொக்டரின் கையைப் பிடித்தாள். "அண்ணனுக்கு இப்பிடி ஒராள் சொல்லல்லியே" என்றாள். டொக்டர் கையை எடுக்காமல், நீ ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இப்படிச் சொல்ல அது சின்னதாக இருந்திருக்காது என்று மெதுவாகச் சொன்னாள். ஆரம்பத்தில் இந்த நோய் அடையாளம் காட்டுவதே குறைவு, காட்டினாலும் கேஸ்ட்ரிக் மாதிரித்தான் காட்டும், குளிசைக்கு அடங்கியும் விடும் என்றாள். உன் வார்த்தை எனக்கு நினைவு வந்தது. நித்திரையாக்கி வைத்திருந்தேன் என்றாயே. நீ சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய், மச்சான்.

எங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். பரவவில்லை. அதன் பிறகு கொழும்பில் சத்திரசிகிச்சை. இரைப்பையில் பெரும் பகுதியை எடுத்துவிட்டார்கள். அவள் கண் விழித்தபோது முதலில் கேட்டது, கருவாட்டை யார் உள்ளே எடுத்து வைத்தது என்றுதான்.

இப்போது எட்டு மாதமாகிறது. அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுகிறாள். அவசரப்பட்டால் தலை சுற்றி வியர்க்கிறது, இனிப்புச் சாப்பிட்டாலும் அப்படித்தான். இரைப்பை இல்லாததால் குறைகிற சத்துக்கு ஊசி போட்டு வருகிறாள். பரிசோதனைக்குக் கூப்பிடுகிற போதெல்லாம் போகிறோம். திரும்பி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அவள் கன்னத்தில் நிறம் வந்திருக்கிறது. ஒரு வாளி தண்ணீர் தூக்க நான் விடுவதில்லை, அவள் களவாகத் தூக்குகிறாள்.

நிலாவைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் மாமிக்கும் வந்ததால் அவளையும் பார்க்கச் சொன்னார்கள். அந்தக் கிருமி அவளுக்கும் இருந்தது. குளிசைகள் கொடுத்தார்கள், வாய் கசக்கக் கசக்கக் குடித்து முடித்தாள். திரும்பப் பரிசோதித்தபோது கிருமி இல்லை. அதனால் அவளுக்கு ஒரு காலமும் வராது என்று ஆகிவிடாது, ஆனால் வரக்கூடிய வழியில் ஒன்று அடைபட்டுவிட்டது என்றார்கள். அன்று அவள் வீட்டுக்கு வந்து உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று. என்னிடம் இறால் எடுக்க வருகிற காத்தான்குடி ஹனீபாவை, நாம் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிறவரை, உனக்குத் தெரியும். சில மாதமாக அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளிசை போடுவதைப் பார்த்தேன். "எத்தின காலமாக் காக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு கேஸ்ட்ரிக் என்றார். நான் சிரிக்கவில்லை. உன் கதையைச் சொன்னேன், நோயின் பெயரோடு சொன்னேன். அவருக்கு முகம் மாறியது. மறுநாளே மகனோடு போயிருக்கிறார். வெறும் புண்தான், மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த முறை வந்தபோது எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். நாங்கள் இருவரும் தோணி விளிம்பில் இருந்து தின்றோம். தண்ணீரில் வெயில் விழுந்து கண் கூசியது. அவர் உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். உனக்கு வந்த நோய்க்கு இனி நான் வேறு பெயர் சொல்ல மாட்டேன். இந்தக் கரையில் யாராவது வாரக்கணக்கில் வயிறு எரிகிறது, பசியில்லை, உடம்பு மெலிகிறது என்றால், என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நானே போவேன். அவர்கள் வர மாட்டேன் என்றால் பக்கத்தில் இருந்து பயப்படுவேன், பயப்பட்டுக்கொண்டே கூட்டிப் போவேன்.

இதோ அவள் கூப்பிடுகிறாள். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கொஞ்சம் குழைந்த சோறு, முருங்கையிலைச் சுண்டல், ஒரு துண்டு மீன். தனியே சாப்பிட அவளுக்குப் பிடிப்பதில்லை. என் பங்கை நான் முன்பெல்லாம் ஒரு மூச்சில் முடித்துவிடுவேன். இப்போது அவளுக்கு எதிரே இருந்து, அவள் மென்று விழுங்குகிற வேகத்திலேயே நானும் மெல்லுகிறேன். ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் நடுவில் நிறைய நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவள் உன்னைப் பற்றிப் பேசுகிறாள். அவள் கை கழுவும்வரை நான் எழும்ப மாட்டேன்.

உன் தங்கச்சியோடு பசியாற உட்காருகிற,
உன் மச்சான்
தவம்
பெரியகல்லாறு